நோவும் நடையும்



சொந்த ஊரை விட்டு வந்து வாழும் நம்மில் ஒருவருக்கு உடம்பு நோவுமாயின், கவலை இரட்டிப்பாகிறது. நோவு ஒரு பக்கம். அருகிருந்து பார்க்க ஆளில்லையே என்னும் ஏக்கம் ஒரு பக்கம். ஊரிலுள்ள பெரியவர்கள் தொலைபேசியில் கூறும் முதல் அறிவுரை, "அசையாமல் படுத்திரு" என்பதே. அன்பினால் எழும் அறிவுரை அது. ஆயினும் எப்பொழுதும் நன்மை பயப்பதன்று.

மூன்றாண்டுகளுக்கு முன், தில்லியில் ஒரு குளிர்காலக் காலையில், கட்டிலின் அடியிலிருந்த இரும்புப் பெட்டியை இழுத்தபோது எனக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. என் தாயார் சொற்படியே பத்து நாள் படுத்தேன். வலி சற்றுத் தணிந்தது, அச்சமோ வளர்ந்தது. கீழே விழுந்த பேனாவை எடுக்கவும் மகளை அழைத்தேன். பதினோராம் நாள் மருத்துவர் என்னைச் சோதித்துவிட்டு, "அஞ்சத்தக்க பழுது ஏதுமில்லை, எழுந்து நடக்கத் தொடங்குங்கள்" என்றார். "நடந்தால் வலிக்குமே!" என்றேன். "சிறிது வலிக்கும். வலிப்பதெல்லாம் சேதம் ஆகாது" என்று விடையிறுத்தார்.

இதற்குச் சான்று உண்டு. பின்லாந்து நாட்டில், ஹெல்சிங்கி நகராட்சி ஊழியருள் திடீரென இடுப்பு வலி கண்ட 186 பேரை ஆராய்ந்த முடிவு 1995-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஒரு பிரிவினர் இரண்டு நாள் படுத்திருந்தனர். ஒரு பிரிவினர் முதுகுக்குரிய பயிற்சி செய்தனர். மூன்றாம் பிரிவினர் வலி இடங்கொடுத்த அளவுக்கு அன்றாட வேலைகளைச் செய்துவந்தனர். நன்கு தேறியவர்கள் மூன்றாம் பிரிவினரே. மிக மெதுவாகத் தேறியவர்கள் படுத்திருந்தவர்கள்!

காரணம் எளியது. பயன்படுத்தாத தசை மெலிகிறது. அசையாத மூட்டு இறுகுகிறது. மெலிந்த தசையும் இறுகிய மூட்டும் சிறு அசைவையும் வலியாக்குகின்றன. அவ்வலிக்கு அஞ்சி மேலும் படுக்கிறோம்.

ஆகவே முதலில் ஐந்து நிமிடம், நாளைக்கு மூன்று நான்கு முறை, வீட்டினுள்ளேயே நடக்கலாம். மறுநாட் காலையில் வலி மிகவில்லையாயின், சிறிது நேரம் கூட்டலாம். மிகுந்தால் குறைக்கலாம், அறவே விடவேண்டுவதில்லை. அலுவலகத்தில் அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நிற்பது நலம். கணுக்கால் சுளுக்கினாலும், முதல் ஓரிரு நாள் ஓய்வுக்குப்பின், தாங்கக்கூடிய அளவில் பாதத்தை மெல்ல அசைத்து, படிப்படியாக ஊன்றிப் பழகலாம். எலும்பு முறிந்தவர்களுக்கோ மருத்துவரின் கட்டளையே அளவு.

ஓர் எச்சரிக்கையும் கூறவேண்டும். இடுப்பு வலியோடு கால்கள் வலுவிழந்தாலும், தொடையிடுக்கில் உணர்வு மரத்தாலும், சிறுநீரோ மலமோ கட்டுப்பாடிழந்தாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். காய்ச்சல் இருப்பினும், கீழே விழுந்தபின் வலி தோன்றினும் தாமே வைத்தியம் செய்துகொள்ளலாகாது.

எனக்கு முற்றும் குணமாக ஆறு வாரம் ஆயிற்று. நடந்த கதையைத் தாயாரிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை. ஆனால், முழங்கால் வலிக்கு அஞ்சித் திண்ணையை விட்டிறங்காதிருந்த அவர், உள்ளூர் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, இப்பொழுது தெருக்கோடிப் பிள்ளையார் கோவில்வரை நாள்தோறும் போய் வருகிறார். தொலைபேசியில் பேசும்போது முதலில் அவர் கேட்பது, "இன்று நடந்தாயா?" என்பதுதான்.