பிள்ளையின்மேல் யாருடைய உருவம்?

(வானொலியில் ஆற்றிய மறையுரை. பொதுக்காலம் 29ஆம் ஞாயிறு, நற்செய்தி: மத்தேயு 22:15-21)



பரிசேயரின் சீடரும் ஏரோதியரும் சேர்ந்து வந்து இயேசுவிடம் கேட்டது வரியைப் பற்றி. அவரோ ஒரு தெனாரியத்தைக் கொண்டுவரச் சொல்லி, அதில் பொறித்திருக்கும் உருவம் யாருடையது என்று திருப்பிக் கேட்டார். சீசரின் உருவம் இருந்ததால் காசு சீசருக்குப் போயிற்று. கடவுளுக்குரியது எது என்பதை அவர் விரித்துச் சொல்லவில்லை. தொடக்கநூலின் முதல் அதிகாரத்தை அறிந்தவர்களுக்கு அது தேவைப்படவும் இல்லை. கடவுளின் உருவம் பொறிக்கப்பட்டிருப்பது மனிதர்மேல் அல்லவா!

அப்படியானால் ஒரு பிள்ளை யாருக்கு உரியது? இந்தக் கேள்வி நீதிமன்றப் படியேறியதும் உண்டு. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 1922ஆம் ஆண்டு மக்கள் வாக்கெடுப்பு வழியாக ஒரு சட்டம் வந்தது. சில விதிவிலக்குகள் தவிர, 8 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகள் அரசுப் பள்ளிக்குத்தான் போகவேண்டும்; மீறினால் பெற்றோருக்குத் தண்டனை. குடியேறி வந்தவரின் பிள்ளையும் செல்வர் வீட்டுப் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தால் வேற்றுமை மறையும் என்றார்கள் ஆதரித்தவர்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்காக முனைந்து உழைத்தவர்களில் கூ கிளக்ஸ் கிளான் என்ற இனவெறி அமைப்பும் இருந்தது. கத்தோலிக்கர்மேல் அவர்களுக்கு இருந்த வெறுப்பு ஊரறிந்தது. அங்கே பள்ளிகள் நடத்திவந்த இயேசு மரியாவின் திருப்பெயர்கள் சபை அருள்சகோதரிகள் வழக்குத் தொடுத்தார்கள். 1925 ஜூன் 1ஆம் நாள் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அருள்சகோதரிகள் பக்கம் தீர்ப்பளித்தது. பிள்ளை அரசின் உடைமை அல்ல, வளர்ப்பவர்களுக்கே அதை வழிநடத்தும் உரிமையும் கடமையும் உண்டு என்பது தீர்ப்பின் சாரம். 1929இல் திருத்தந்தை பதினோராம் பயஸ் கிறிஸ்தவக் கல்வி பற்றிய தம் சுற்றுமடலில் இதை எடுத்துக்காட்டினார்.

நம் நாட்டில் அரசமைப்புச் சட்டத்தின் 30ஆம் உறுப்பு, பள்ளிகளை நிறுவி நடத்தும் உரிமையைச் சிறுபான்மையினருக்குத் தருகிறது. அதை நாம் காத்துக்கொள்ள வேண்டும். இதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் அதோடு கேள்வி முடிந்துவிடவில்லை. என் பிள்ளைமேல் கடவுளின் உருவம் இருக்கிறது, சரி. பக்கத்துத் தெரு அரசுப் பள்ளியில் படிக்கிறதே, அந்தப் பிள்ளைமேல்?

1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி கல்விக் குழு, சாதி, மதம், வருமானம் பாராமல் ஒரு பகுதிப் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து படிக்கும் அருகமைப் பள்ளிகள் வேண்டும் என்றது. ஓரிகன் தண்டனை காட்டிச் செய்ய நினைத்ததை, பொதுப் பள்ளியின் தரத்தை உயர்த்திச் செய்யச் சொன்னது இக்குழு. தரம் நன்றாக இருந்தால் பெற்றோர் தாமாகவே வருவார்கள். இதற்காக நாட்டு வருமானத்தில் 6 விழுக்காட்டைக் கல்விக்கு ஒதுக்கவும் பரிந்துரைத்தது. அந்த அளவை இன்றுவரை நாம் எட்டவில்லை.

நடந்தது வேறு. வசதி உள்ளவர்கள் அரசுப் பள்ளியை விட்டு முதலில் வெளியேறினார்கள். அவர்களோடு, “ஆசிரியர் இடம் ஏன் காலி, குழாயில் ஏன் தண்ணீர் இல்லை” என்று அதிகாரியிடம் போய்க் கேட்கும் குரலும் வெளியேறிற்று. ஒருநாள் கூலியை இழந்து மனுவோடு அலைய முடியாதவர்களின் பிள்ளைகளே அங்கே மிஞ்சினார்கள்.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், உதவிபெறாத தனியார் பள்ளிகளின் நுழைவு வகுப்பில் 25 விழுக்காடு இடங்களை நலிந்த, பின்தங்கிய பிரிவுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சொல்கிறது. 2014இல் உச்ச நீதிமன்றம் சிறுபான்மைப் பள்ளிகளுக்கு அச்சட்டத்திலிருந்து விலக்களித்தது. நம் உரிமையைக் காத்த தீர்ப்புதான். என்றாலும் ஏழைப் பிள்ளைகளிடமிருந்து நமக்கு விலக்குத் தர எந்த நீதிமன்றத்தாலும் முடியாது.

மே மாதம் வந்தால் நம் பள்ளிகளில் இடம் கேட்டுப் பங்கு இல்லத்து வாசலில் வரிசை நிற்கும். நியாயமான ஆசைதான். அரசுப் பள்ளிக்குக் கடிதம் கேட்டு யாரும் வருவதில்லை. அங்கே சாமியார் கடிதம் தேவையும் இல்லை. அதனாலேயே நம் பங்குப் பிள்ளைகளில் எத்தனை பேர் அங்கே படிக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியாமல் போகிறது. மறைக்கல்வி வகுப்பில் ஒரு ஞாயிறு கைதூக்கச் சொல்லிப் பாருங்கள். கத்தோலிக்கப் பள்ளிகளில் படிக்காத பிள்ளைகள்மீதும் திருச்சபை தனி அக்கறை காட்டவேண்டும் என்று 1965இலேயே இரண்டாம் வத்திக்கான் சங்கம் கல்வி பற்றிய அறிக்கையில் கூறியிருக்கிறது. நம்மில் பலர் அந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுகிறோம்.

செய்யக்கூடியது ஒன்று உண்டு. அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. சட்டப்படி அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். உறுப்பினர்களில் பாதிப்பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிப்பதும், வரும் பணம் எப்படிச் செலவாகிறது என்று கவனிப்பதும் அவர்கள் பொறுப்பு. ஆனால் தனியாகப் போகும் ஒரு தாய், நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பிவிடக்கூடும். கூட்டத்துக்கு முந்தின நாள் அன்பியத்தில் அவரோடு உட்கார்ந்து, என்ன கேட்பது என்று பேசுங்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நம்மில் எத்தனை பேர்! மனு எழுத உதவுங்கள். அங்கே நாம் மறையுரை நிகழ்த்தப் போகவில்லை. கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, கணக்குக்கு ஆசிரியர் இருக்கிறாரா என்று பார்க்கப் போகிறோம். இந்து, இஸ்லாமியக் குடும்பங்களும் அதையேதான் கேட்கிறார்கள். அவர்களோடு சேர்ந்தே போங்கள்.

அடுத்த கூட்டம் என்றைக்கு என்று தலைமையாசிரியரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, இந்த வார அன்பியக் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள்.