எல்லாச் சிலேட்டும் ஒன்றாக உயரட்டும்



பிரெஞ்சுப் பாடசாலைகளில் ஒரு குட்டிப் பரீட்சை உண்டு. ஆசிரியை மனக்கணக்கொன்று சொல்வார். பிள்ளைகள் சிலேட்டில் விடையெழுதி, சைகை கிடைத்ததும் எல்லோரும் ஒன்றாகத் தூக்கிக் காட்டுவார்கள். 19ஆம் நூற்றாண்டில் லியோன் நகரின் லா மார்ட்டினியேர் பாடசாலையில் உருவான முறை. அதற்குச் சொத்து எழுதிவைத்த குளோட் மார்ட்டின், புதுச்சேரிக்குப் படைவீரராக வந்து 1800இல் லக்னோவில் இறந்தவர்.

இதில் புள்ளியில்லை, முதலாமிடம் இல்லை. பசறை, லுணுகலைத் தோட்டங்களிலிருந்து வரும் நம் பிள்ளைகளில் சிலர் விடை தெரிந்தாலும் கை உயர்த்தமாட்டார்கள். உயர்த்துபவளையே நாமும் கேட்கிறோம். மற்றவள் பின்தங்கியது ஐந்தாந்தரப் புலமைப்பரிசிலில்தான் தெரிகிறது. சிலேட்டென்றால் அன்றைக்கே தெரியும். நூற்றாண்டு மண்டபம் எழும்பட்டும். அதோடு வகுப்புக்கு நாற்பது சிலேட்டும் வாங்கித் தாருங்கள்.