‘யூஸ்ட் டு’: முடிந்தவையும் முடியாதவையும்
(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



இந்த மலருக்கு நினைவுக் குறிப்புகள் கேட்டபோது, வந்தவற்றில் பல ஆங்கிலத்தில் இருந்தன. ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் வளரும் பேரப்பிள்ளைகள் வாசிக்க வேண்டும் என்பதற்காக அப்படி எழுதியிருந்தார்கள். அவற்றை வரிசைப்படுத்தியபோது ஒரு சொற்றொடர் ஏறக்குறைய எல்லாக் கடிதங்களிலும் இருப்பதைக் கண்டோம். அது ‘யூஸ்ட் டு’. மலர்க்குழுவில் எங்களில் சிலர் ஆங்கிலம் படிப்பித்தவர்கள். அதனால் எங்களுக்குத் தந்த நேரத்தில் இந்தச் சிறு சொற்றொடரைப் பற்றியே பேச நினைத்தோம். இலக்கண வகுப்பு என்று பயப்பட வேண்டாம். கேள்வி கேட்டு எழுப்பி நிறுத்த மாட்டோம்.

நம் ஊர் உதாரணத்தோடு தொடங்குவோம். திருகோணமலையிலிருந்து கிண்ணியாவுக்கு ஒரு காலத்தில் பாதையில்தான் போக வேண்டும். பாதை என்றால் தெருவல்ல, தண்ணீரில் ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு போன மிதவை. வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்காக இதைச் சொல்கிறோம். 2009 ஒக்ரோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. ஏறக்குறைய 400 மீற்றர் நீளம். இனி மூன்று வசனங்களைக் கேளுங்கள்.

‘வீ யூஸ்ட் டு கோ பை ஃபெரி.’ அந்த நாட்களில் பாதையில் போவோம், இப்போது அப்படிப் போவதில்லை.

‘வீ ஆர் யூஸ்ட் டு கோயிங் பை ஃபெரி.’ பாதையில் போவது எங்களுக்குப் பழகிப்போனது, அது ஆடினாலும் பயமில்லை.

‘வீ காட் யூஸ்ட் டு த பிரிட்ஜ்.’ முதலில் புதிதாக இருந்தது, பிறகு பாலத்துக்குப் பழகிக்கொண்டோம்.

மூன்றிலும் அதே ‘யூஸ்ட் டு’தான். முதலாவதில் அதற்குப் பின்னால் வெறும் வினைச்சொல் வருகிறது: ‘கோ’. மற்ற இரண்டிலும் பெயர்ச்சொல்லோ ‘இங்’ சேர்ந்த வடிவமோ வரும்: ‘கோயிங்’, ‘த பிரிட்ஜ்’. முதலாவது ஒரு பழக்கம் முடிந்துவிட்டது என்று சொல்கிறது. மற்றவை மனம் பழகியதைச் சொல்கின்றன. ‘யூஸ்ட் டு’வுக்கு முன்னால் ‘ஆம்’, ‘ஆர்’, ‘வெர்’, ‘காட்’ போன்ற சொல் நிற்கிறதா என்று பார்த்தால் போதும், பிழை வராது.

உச்சரிப்பிலும் ஒரு குறிப்பு உண்டு. ‘பயன்படுத்தினோம்’ என்ற பொருளில் இதே எழுத்துகள் வரும்போது நடுவில் வண்டு முரல்வது போன்ற ஒலி கேட்கும். வழக்கத்தையோ பழகியதையோ சொல்லும்போது பாம்பு சீறுவது போன்ற ‘ஸ்’ மட்டுந்தான். கேள்வியாகக் கேட்கும்போது கடைசி எழுத்து உதிர்ந்துவிடும்: ‘டிட் யூ யூஸ் டு கோ பை ஃபெரி?’

நம்மவர்கள் அதிகம் தடுமாறும் இடம் வேறு. ‘ஒவ்வொரு வெள்ளியும் கோணேசர் கோயிலுக்குப் போவது வழக்கம்’ என்று தமிழில் சொல்கிறோம். இப்போதும் போகிறோமா, விட்டுவிட்டோமா என்பதை அந்த வசனம் சொல்வதில்லை, கேட்பவர் இடம் பார்த்து விளங்கிக்கொள்வார். ‘போவோம்’ என்ற சொல்லும் அப்படித்தான். போன காலத்துக்கும் அது பொருந்தும், வரும் வெள்ளிக்கும் பொருந்தும். அந்த ‘வழக்கம்’ என்ற சொல்லை அப்படியே மனதில் வைத்துக்கொண்டு ‘ஐ யூஸ்ட் டு கோ டு த கோவில் எவ்ரி ஃப்ரைடே’ என்று எழுதினால், வாசிக்கும் ஆங்கிலப் பிள்ளை ‘அம்மம்மா கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டார்’ என்றே எடுத்துக்கொள்ளும். இன்றும் போகிறவர் ‘ஐ கோ டு த கோவில் எவ்ரி ஃப்ரைடே’ என்று எளிமையாக எழுத வேண்டும். சில நூற்றாண்டுகளுக்கு முன் ஆங்கிலேயரும் இந்த ‘யூஸ்’ஸை நிகழ்காலத்தில் வழங்கினார்கள். அது வழக்கொழிந்து, இறந்தகாலம் மட்டும் மிஞ்சிவிட்டது.

எல்லா இறந்தகாலத்துக்கும் இது ஏற்றதுமல்ல. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் நம் துறைமுகத்தைத் தாக்கின. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் ஊருக்குள் வந்தது. ஒரு நாளில் நடந்து முடிந்தவை இவை. இங்கே ‘யூஸ்ட் டு’ போட்டால், அடிக்கடி நடந்தது என்ற பொருள் வந்துவிடும். அதுபோலவே ‘உவர்மலையில் 4 வருடம் இருந்தோம்’ என்று கணக்குச் சொல்லும்போதும் ‘வீ லிவ்ட்’ என்பதே சரி. காலக்கணக்கு இல்லாமல், ‘அந்தக் காலத்தில் உவர்மலையில் இருந்தோம்’ என்னும்போது ‘வீ யூஸ்ட் டு லிவ்’ பொருந்தும்.

நினைவுக் குறிப்பு எழுதுகிறவர்களுக்கு ‘வுட்’ என்ற சொல்லும் உதவும். ‘வீ வுட் வாக் டு த பீச்’, கடற்கரைக்கு நடந்து போவோம். திரும்பத் திரும்பச் செய்த செயலுக்கு இது நல்ல சொல். நிலைமைக்கு உதவாது. திருகோணமலைக் கடற்படைத் தளத்தைப் பிரித்தானியர் 1957இல் இலங்கையிடம் கையளித்தார்கள். அதற்கு முந்திய நிலைமையைச் சொல்ல ‘த பிரிட்டிஷ் நேவி யூஸ்ட் டு பீ ஹியர்’ என்றே எழுத வேண்டும், அங்கே ‘வுட்’ நிற்காது. ஒரு பந்தியை ‘யூஸ்ட் டு’வில் தொடங்கி, பிறகு ‘வுட்’டில் தொடர்ந்தால் வாசிக்க அழகாக இருக்கும்.

இவ்வளவும் வகுப்பறை விஷயம். இந்த மேடையில் இதை எடுத்ததற்குக் காரணம், ‘யூஸ்ட் டு’ என்று எழுதும்போது ஒரு தீர்ப்பும் சேர்த்து எழுதுகிறோம் என்பதுதான். ‘அது முடிந்துவிட்டது’ என்ற தீர்ப்பு. உண்மையிலேயே முடிந்துவிட்டதா என்று பார்த்து எழுத வேண்டும்.

பாதையையே எடுங்கள். 2009இல் பாலம் வந்ததும் ‘கிண்ணியாவில் பாதைக்காலம் முடிந்தது’ என்று எழுதத் தோன்றும். ஆனால் கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில், புதுப் பாலத்தின் வேலை முடியாத நிலையில், சனங்கள் மிதப்புப் பாதையில்தான் போய்வந்தார்கள். 2021 நவம்பர் 23ஆம் திகதி காலையில் அது கவிழ்ந்தது. பள்ளிக்கூடம் போகப் புறப்பட்ட பிள்ளைகளும் இறந்தார்கள். பட்டணத்துக்கு முடிந்துபோன ஒன்று அந்தப் பிள்ளைகளுக்கு முடிந்திருக்கவில்லை.

இன்னொன்று காணி. 2006இல் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்தவர்கள் ஆண்டுக்கணக்காக முகாம்களில் இருந்தார்கள். 2015இலிருந்து காணிகள் கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டன. அந்த இடைக்காலத்தில் அவர்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதுகிறவர் ‘தே யூஸ்ட் டு லிவ் இன் சம்பூர்’ என்று எழுதலாம், அங்கே குடியிருக்கவில்லை என்பது உண்மை. ‘தே யூஸ்ட் டு ஓன் லேண்ட் இன் சம்பூர்’ என்று எழுதினால், காணி இப்போது அவர்களுடையதல்ல என்றாகிவிடும். குடியிருப்பு நின்றதால் உரித்து நின்றுவிடாது. வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊர்க்காணி பற்றிச் சட்டத்தரணிக்கோ அலுவலகத்துக்கோ ஆங்கிலத்தில் கடிதம் எழுதுகிற தங்கைமார் இதைக் கவனிக்க வேண்டும். குடியிருந்ததற்கு ‘வீ யூஸ்ட் டு லிவ்’, உரித்து இன்னும் இருந்தால் ‘வீ ஓன்’. இரண்டையும் தனித்தனியே எழுதுங்கள்.

பழகிப்போவது பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். யுத்த காலத்தில் படித்த பிள்ளைகளைப் பற்றி ‘தே வெர் யூஸ்ட் டு இட்’ என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். சோதனைச் சாவடிக்கும் ஊரடங்குக்கும் பழகியிருந்தார்கள் என்பது கருத்து. இலக்கணப்படி சரி. ஆனால் பழகியவர்களுக்கு நோகவில்லை என்று வாசிப்பவர் எடுத்துக்கொள்ளக் கூடும். அந்த நாட்களில் இந்த வாங்குகளில் இருந்து படித்தவர்கள் பலர் இன்று சபையில் இருக்கிறார்கள், அவர்களிடமே கேளுங்கள். ‘தே ஹாட் டு லிவ் வித் இட்’ என்று எழுதினால், வேறு வழி இருக்கவில்லை என்பதும் அதில் வந்துவிடும்.

இனி எங்கள் வேண்டுகோள். மலர் அச்சானாலும் நினைவுகளைச் சேர்க்கும் வேலை தொடர்கிறது. எழுதி அனுப்பும்போது, ஒவ்வொரு ‘யூஸ்ட் டு’விலும் ஒரு நிமிடம் நில்லுங்கள். நின்றுபோனதா, இன்னும் நடக்கிறதா, ஒருநாள் மட்டும் நடந்ததா என்று பாருங்கள். தெரியாவிட்டால் ஊரில் இருக்கிற ஒருவரைக் கேளுங்கள். கோட்டைக்குள் மான்கள் இப்போதும் திரிகின்றன. கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழும் இருக்கின்றன. நம் காலைப் பிரார்த்தனை மணி இன்றும் அடிக்கிறது. இவற்றை நிகழ்காலத்திலேயே எழுதுங்கள். உங்கள் பேத்தி அதை வாசித்துவிட்டு, இங்கே வந்து பார்க்கலாம் என்று நினைக்கட்டும்.