பெயர் ஒன்று, எண் வேறு: ஆய்வகக் கணினியில் அனுமதிகளைச் சரிபார்ப்போம்

(திருச்சிராப்பள்ளியில் கணினி ஆய்வகப் பொறுப்பாசிரியர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பாஸ் லினக்ஸ் நம் மாணவர்களிடம் வந்தது. டெபியனை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் உருவாக்கிய இயங்குதளம் அது. நம்மில் சிலர் ஆய்வக சர்வரிலும் அதையே வைத்திருக்கிறோம்.

என் தவறு ஒன்றைச் சொல்கிறேன். ஆய்வகத்தின் பழைய கணினி பழுதானதும், அதன் வன்தட்டிலிருந்த மதிப்பெண் தரவுத்தளக் கோப்புறையை உரிமை விவரங்களோடு அப்படியே புதிய கணினிக்கு நகலெடுத்தேன். தரவுத்தளம் தொடங்கவில்லை, அனுமதி இல்லை என்றது. அவசரத்தில் 777 போட்டேன். அதாவது, உரிமையாளர், குழு, மற்றவர் என எல்லாருக்கும் எல்லா அனுமதியும். உடனே ஓடியது. மறுநாள் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் வந்து, "சார், மார்க் ஃபைலை எங்க லாகின்லயே அழிக்கலாம் போலிருக்கே" என்றான். நல்ல பிள்ளை, அழிக்காமல் சொன்னான்.

காரணம் என்ன? லினக்ஸ் கோப்பில் உரிமையாளரின் பெயரை எழுதுவதில்லை, எண்ணைத்தான் எழுதுகிறது. ரூட்டுக்கு 0. டெபியனில் சாதாரணப் பயனர்களுக்கு 1000 முதல். தரவுத்தளம் போன்ற சேவைகளுக்கு, நிறுவும்போது 100 முதல் 999 வரையில் காலியான ஓர் எண் கிடைக்கும். தரவுத்தளப் பயனரின் எண் பழைய கணினியில் 112, புதியதில் 118. புதியதில் 112 வேறொரு சேவைக்குப் போயிருந்தது! பெயர் ஒன்றுதான், ஆள் வேறு.

திருவரங்கத்தின் ஏழு திருச்சுற்றுகளை நினைத்துப் பாருங்கள். வெளிச்சுற்றுகளில் வீடும் கடையும் உண்டு, எவரும் வரலாம். உள்ளே செல்லச் செல்ல, அவரவர் கைங்கரியத்துக்கு உரிய இடம் மட்டுமே. சேவைப் பயனரும் அப்படித்தான். ஒருவருக்குக் கதவு திறக்கவில்லை என்பதற்காக எல்லாக் கதவுகளையும் திறந்துவைப்பதா?

சேவை நின்றால் இந்த வரிசையில் பாருங்கள்:

1. சேவை எந்தப் பயனர் பெயரில் ஓட வேண்டும் என்பதை அதன் அமைப்புக் கோப்பில் பாருங்கள்.
2. 'ஐடி' கட்டளையால் அந்தப் பயனரின் எண்ணையும் குழு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.
3. 'எல்எஸ்' கட்டளையை 'எல்', 'என்' தெரிவுகளோடு கொடுத்து, கோப்புறையில் உள்ள எண்களோடு ஒப்பிடுங்கள்.
4. வேறுபட்டால், சேவையை நிறுத்திவிட்டு 'சிஎச்-ஓன்' கட்டளையால் உரிமையாளரை மாற்றுங்கள். என் தரவுத்தளத்தில் கோப்புறைகளுக்கு 700, கோப்புகளுக்கு 660 எனத் திரும்ப வைத்தேன்.

குழுவில் ஒருவரைச் சேர்த்தாலும் நீக்கினாலும், அவர் வெளியேறி மீண்டும் நுழைந்த பிறகே அது செல்லும்; சேவையானால் மறுபடி தொடங்க வேண்டும்.

மதிப்பெண் பதிவேட்டை மேசைமேல் திறந்து வைத்துவிட்டு நாம் வீட்டுக்குப் போவதில்லை. 777-உம் அதே செயல்தான்.