நினைவைக் காக்கும் ஆடல்கள்
(முதியோர் நலக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



முதுமை வந்தால் மறதியும் உடன் வரும் என்பர். நரையும் திரையும் போல மறதியும் தவிர்க்கவொண்ணாதது எனப் பலர் கைகட்டி அமர்ந்துவிடுகின்றனர். அது முற்றும் சரியன்று. ஆளப்படாத கருவி துருவேறும். ஆளப்படும் கருவி ஒளிவிடும். உள்ளமும் அத்தகையதே.

அமெரிக்க நாட்டின் நியூயார்க்கு நகரில், எழுபத்தைந்து அகவை கடந்த 469 பேரைப் பல்லாண்டுகள் தொடர்ந்து ஆய்ந்து, 2003ஆம் ஆண்டில் முடிபுகளை வெளியிட்டனர். நூல் படித்தல், பலகை ஆட்டம் ஆடுதல், இசைக்கருவி இயக்கல், நடனமாடல் ஆகியவற்றில் ஈடுபட்டோரிடையே மறதிநோய் குறைவாகவே காணப்பட்டது. ஆடினமையாலேயே நோய் அணுகவில்லை என அறுதியிட்டுரைக்க இயலாது. நோயின் தொடக்கமே சிலரை ஆட்டத்தினின்று விலக்கியிருக்கவும் கூடும். ஆயினும், ஆடுவதால் கேடொன்றுமில்லை, மகிழ்ச்சியோ உறுதி.

பலகை ஆட்டம் தமிழனுக்குப் புதியதா? பல்லாங்குழியைப் பாருங்கள். பதினான்கு குழி, குழிக்கு ஐந்தாக எழுபது காய். எக்குழியில் எடுத்தால் கடைசிக் காய் எங்கு விழும் என்பதைக் கை நீளுமுன் உள்ளம் எண்ணி முடிக்க வேண்டும். ஆடுபுலி ஆட்டத்தில் மூன்று புலிகளைப் பதினைந்து ஆடுகள் மடக்குகின்றன. வலியோரை எளியோர் ஒற்றுமையால் வெல்லும் அவ்வாட்டம், நினைவுக்கு மட்டுமன்றி நம் இனத்துக்கும் பாடமாகும்.

இவற்றினும் உயர்ந்தது கவனகக் கலை. அதனை 'அவதானம்' என வடசொல்லால் அழைத்து, நம் கலையையே பிறர் கலைபோல் ஆக்கிக்கொண்டோம். இடலாக்குடியிற் பிறந்த இசுலாமியத் தமிழ்ப்புலவர் செய்குத்தம்பிப் பாவலர், 1907இல் சென்னை விக்தோரியா அரங்கில் நூற்றுக்கவனகம் நிகழ்த்தினார். பாட்டு, கணக்கு, உரையாடல், மணியோசை என நூறு செய்திகளை ஒருங்கே உள்ளத்திற் பற்றினார். நம் முதியோர் நூறு பற்ற வேண்டா. இரண்டு பற்றினாலே போதும். பாட்டனார் பத்துக் குறள் ஓதட்டும். பேரன் இடையிடையே கிண்ணத்தைத் தட்டட்டும். ஓதி முடித்ததும் எத்தனை தட்டு என்று கேளுங்கள். பிழைத்தால் நகைத்து மீண்டும் ஆடுங்கள்.

இன்னுமோர் ஆட்டம் உண்டு. ஒருவர் சொன்ன சொல்லின் ஈற்றெழுத்தில் அடுத்தவர் சொல் தொடங்க வேண்டும். தூய தமிழ்ச்சொல்லுக்கே மதிப்பெண். அப்பொழுது பாருங்கள்! ஏர்க்காலும் நுகத்தடியும் கமலையும் பரம்பும் பாட்டியின் வாயினின்று புறப்படும். பள்ளிப் பிள்ளைகள் ஒரு நாளும் கேட்டிராத சொற்கள் அவை. அவற்றை உடனே ஏட்டில் குறித்துவையுங்கள். முதியோர் மறப்பது அவர்தம் இழப்பு மட்டுமன்று. அகரமுதலியில் ஏறாத சொல் ஒவ்வொன்றும் அவர்களோடே மறைந்துபோம்.

ஒன்றை மட்டும் மறவற்க. பழகிய தெருவிலே வழி தவறுதல், கேட்டதையே மீண்டும் மீண்டும் கேட்டல் போன்றவை காணின், ஆட்டத்தை நம்பி இராது மருத்துவரை நாடுக. ஆட்டம் மருந்தாகாது.

தொலைக்காட்சியின் கலப்புமொழி முன்னே முதியோரைத் தனியே அமர்த்திவிட்டு, அவர்க்கு நினைவு மங்குகிறதென வருந்துவதில் பொருளில்லை. நாள்தோறும் அரைமணி நேரம் அவர்களோடு தமிழில் ஆடுங்கள். அவர்கள் நினைவும் வாழும். நம் மொழியும் வாழும்!