விளக்கு சொல்லும் செய்தி



மும்பையிலும் தில்லியிலும் நாகபுரியிலும் குடியிருக்கும் நம்மவர்க்கு, ஊரிலிருக்கும் பெற்றோரின் முகத்தை நாள்தோறும் காட்டுவது சுவரில் மாட்டிய வைஃபை பெட்டி. பேச்சின் நடுவே படம் நின்றுவிட்டால் பெட்டியை அணைத்துப் போடுகிறோம். அல்லது கடைக்குச் சென்று பெரிய ஆன்டெனா கேட்கிறோம். அதற்கு முன் செய்யத்தக்கது, பெட்டியின் விளக்குகளைப் பார்த்தல்.

செய்தி வரும் வழி இரு கூறு உடையது. தெருவிலிருந்து பெட்டி வரை ஒன்று. பெட்டியிலிருந்து கைப்பேசி வரை மற்றொன்று. கண்ணாடி இழை வழியாக இணைப்புப் பெறும் பெட்டியில் ‘பி.ஓ.என்.’ விளக்கு அசையாமல் பச்சையாக எரிந்தால், நிலையத்தோடு இழைத் தொடர்பு சீராக இருக்கிறது என்று கொள்ளலாம். ‘எல்.ஓ.எஸ்.’ விளக்கு சிவப்பாக மின்னினால், இழையில் ஒளி வந்து சேரவில்லை. இழை அறுந்திருக்கலாம், மடங்கியிருக்கலாம். ‘டபிள்யூலான்’ விளக்கு எரிவதோ, பெட்டி அலை பரப்புகிறது என்பதற்கு மட்டுமே சான்று. வெளியிலிருந்து இணையம் வருகிறது என்பதற்குச் சான்று அன்று.

இதனை அறியாமல் நாங்களும் ஏமாந்தோம். ஊரில் தந்தையார் நோயுற்றிருந்த வாரத்தில் எங்கள் வீட்டு இணைப்பு நின்றது. ‘டபிள்யூலான்’ எரிகிறதே என்று நம்பிப் புதிய ஆன்டெனா வாங்கி மாட்டினோம். மாடிப்படியருகே எலி இழையைக் கடித்திருந்தது. சிவப்பு விளக்கு அதனை இரவும் பகலும் சொல்லிக்கொண்டே இருந்தது. இரண்டு நாள் தந்தையாரின் குரல் கேட்டோம், முகம் காணவில்லை.

ஆகவே, சிவப்பு விளக்கைக் கண்டால் இணைப்புத் தருவோரை அழைப்பதே முறை. இழையின் முனையைக் கழற்றிக் கண்ணால் உற்றுப் பார்த்தல் ஆகாது. அதில் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆயினும் கேடு செய்யக்கூடும்.

பிற விளக்குகள் செம்மையாக இருந்தும் உள்ளறையில் மட்டும் இணைப்பு நலிந்தால், அப்போதுதான் ஆன்டெனாவைக் கருத வேண்டும். முன்னாளில் வானொலிப் பெட்டிக்கு மொட்டை மாடியில் கட்டிய ஏரியலின் வழித்தோன்றலே இது. ஆன்டெனா புதிதாக ஆற்றலைப் படைப்பதில்லை. இருப்பதைத் திசை பார்த்துப் பங்கிடுகிறது. விளக்கின் பின்னே தகடு வைத்தால் முன்புறம் ஒளி மிகும், பின்புறம் குறையும் அல்லவா? அதுபோல, 3 டெசிபெல் கூடிய ஆன்டெனா ஒரு திசையில் இருமடங்கு தரும்; வேறு திசையில் குறைத்துவிடும்.

கோல் வடிவ ஆன்டெனா தன் பக்கங்களில் அலையைப் பரப்பும். நுனியின் நேரே மிகக் குறைவு. ஒரே தளத்திற்கு அதனை நிமிர்த்தி வைக்கலாம். மேல்தளத்திற்கும் வேண்டுமாயின் ஒன்றைப் படுக்கையாகச் சாய்க்கலாம். ஆன்டெனா உள்ளே பொதிந்த பெட்டியாயின், இரும்புப் பீரோவின் மறைவிலிருந்து அதனை எடுத்து நடுக்கூடத்தில் உயரமாக வைத்தலே போதும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரை எளிதிற் கடக்கும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை விரைவு மிக்கது, ஆயினும் சுவரில் சோர்ந்துவிடும்.

இன்றிரவு ஊருக்குப் பேசுமுன், நம் வீட்டுப் பெட்டியில் நல்ல நாளில் எந்த விளக்கு எப்படி எரிகிறது என்று ஒருமுறை பார்த்துக் குறித்து வைப்போம். இணைப்பு நிற்கும் நாளில் அக்குறிப்பு நமக்கு வழிகாட்டும்.