காலுக்கேற்ற கியர் லிவர்



செருப்புக்குத் தக்கபடி காலை வெட்டுவார்களா என்று பெரியவர்கள் கேட்பதுண்டு. ஆனால் மோட்டார் சைக்கிளோட்டிகளில் பலர் அதைத்தான் செய்கிறார்கள். கியர் லிவர் எந்த உயரத்தில் இருக்கிறதோ, அதற்கேற்பப் பாதத்தை வளைத்துப் பழகிவிடுகிறார்கள்.

இது வெறும் வசதி பற்றிய சங்கதி அல்ல. மலேசியச் சாலை விபத்துகளில் உயிரிழப்போரில் 60 விழுக்காட்டுக்கும் மேலானோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். வேண்டிய நேரத்தில் வேண்டிய கியர் விழாமல் ஒருவர் தடுமாறுவது, பின்னால் வரும் லோரிக்குத் தெரியாது.

1958ஆம் ஆண்டு ஜப்பானில் ஹோண்டா சூப்பர் கப் வெளிவந்தபோது அதில் கைக் கிளட்ச் இல்லை. அந்த வேலையும் இடது காலிடமே ஒப்படைக்கப்பட்டது. லிவரை மிதித்தால் முதலில் கிளட்ச் விடுபடும். மேலும் மிதித்தால் கியர் மாறும். காலை எடுத்தால் கிளட்ச் மீண்டும் பிடித்துக்கொள்ளும். கைக் கிளட்ச் இல்லாத கப்சாய்களில் இன்றும் இதுவே முறை.

தொல்லை இங்குதான் தொடங்குகிறது. தடித்த காலணியுடன் வேலைக்குச் செல்லும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். லிவரின் முன்முனை உயர்ந்திருந்தால் அவருடைய பாதம் எப்போதும் அதன்மீது அழுந்தியே இருக்கும். கிளட்ச் பாதி விடுபட்டு வழுக்கும். மேட்டில் இன்ஜின் கத்தும், வண்டி ஏறாது. பட்டறையில் கிளட்ச் தட்டுகளை மாற்றுவார். கால் மாறாததால் அதே கதை மீண்டும் வரும். முன்முனை மிகவும் தாழ்ந்திருந்தாலோ, மிதி முழுமை பெறாமல் கியர் இடையில் நின்றுவிடக்கூடும்.

சரிசெய்வது கடினமன்று. இன்ஜினை நிறுத்தி, வழக்கமாக அணியும் காலணியுடன் வண்டியில் அமர்ந்து, கால்தாங்கியில் பாதத்தை வைக்க வேண்டும். லிவரின் இரு முனைகளும் பாதத்துக்கு அருகில் இருக்கலாம்; பாதம் அவற்றை அழுத்தக்கூடாது.

பிறகு லிவரும் தண்டும் சேரும் இடத்தில் சாயத்தால் ஓர் அடையாளம் இடுங்கள். போல்ட்டைத் தளர்த்தினால் மட்டும் போதாது, முழுவதுமாகக் கழற்ற வேண்டும். பல வண்டிகளில் அது தண்டின் பள்ளத்தில் அமர்ந்திருக்கும். சுத்தியலால் தட்டினால் பற்கள்தாம் கெடும். ஒரே ஒரு பல் மட்டும் நகர்த்தி, லிவரை முழுவதும் உள்ளே தள்ளி, போல்ட்டை இறுக்குங்கள். லிவர் மேலும் கீழும் அசையும்போது இன்ஜின் மூடியிலோ கால்தாங்கியிலோ இடிக்கக்கூடாது. ஆளில்லாத பாதையில் மெதுவாக ஓட்டி எல்லாக் கியரும் விழுகின்றனவா என்று பார்த்த பிறகே பெரிய சாலைக்குச் செல்லலாம். அப்போதும் கியர் விழ மறுத்தால் குறை லிவரில் இல்லை. கிளட்ச் சரிக்கட்டலையும் இன்ஜின் எண்ணெயையும் கவனிக்க வேண்டும்.

கைக் கிளட்ச் உள்ள சில வண்டிகளில் லிவரை இணைக்கும் கம்பி ஒன்று இருக்கும். இருபுறமும் உள்ள பூட்டு நட்டுகளைத் தளர்த்திக் கம்பியைத் திருகினால் உயரம் மாறும். ஒரு நட்டு பெரும்பாலும் எதிர்த்திசையில் சுழலும் என்பதால் முரட்டுத்தனம் வேண்டாம்.

லிவரின் பற்கள் தேய்ந்திருந்தால் புதியது மாட்டுவதே நல்லது. சிலர் தண்டோடு சேர்த்துப் பற்றவைத்துவிடுகிறார்கள். பின்னர் எண்ணெய் கசிந்தால், லிவரை வெட்டாமல் மூடியைத் திறக்க முடியாது.

தந்தையின் கப்சாய் மகன் கைக்கு வருவது பல வீடுகளில் வழக்கம். ஏறி அமர்ந்ததும் மகன் கண்ணாடியைத் தன் கண்ணுக்கேற்பத் திருப்பிக்கொள்கிறான். கியர் லிவரையும் தன் காலுக்கேற்ப ஒருமுறை திருப்பிக்கொள்ளட்டும்.